உரிமம் தருபவரும் பெறுபவரும்: நிறுவன நிதியின் முன்னால் கிராமசபை

2015 நவம்பரில் கேரளத்தின் உள்ளாட்சித் தேர்தல் முடிவுகள் வெளியானபோது, எர்ணாகுளம் மாவட்டத்தில் உள்ள கிழக்கம்பலம் ஊராட்சியின் 19 வார்டுகளில் 17 வார்டுகளை 'ட்வென்டி20' என்ற அமைப்பு பிடித்திருந்தது. காங்கிரஸ் கூட்டணியும் இடதுசாரிக் கூட்டணியும் மாறி மாறி ஆண்டுவந்த மாநிலத்தில் இது பெரும் அதிர்ச்சி. அதைவிட வியப்பு, அந்த அமைப்பு பிறந்த இடம். குழந்தைகளுக்கான ஆடைகளைத் தைத்து வெளிநாடுகளுக்கு அனுப்பும் கிட்டெக்ஸ் நிறுவனம் தன் சமூகப் பொறுப்புப் பணிகளுக்காக 2013-இல் தொடங்கிய அறப்பணிச் சங்கம் அது. 2020-க்குள் கிழக்கம்பலத்தை நாட்டின் தலைசிறந்த ஊராட்சியாக்குவோம் என்பது அதன் முழக்கம். பெயருக்கே அதுதான் காரணம். நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் சாபு எம். ஜேக்கப் அமைப்பின் முகமாகவும் மூளையாகவும் இருந்தார்.

ஐந்தாண்டு கழித்து அமைப்பின் கை இன்னும் நீண்டது. 2020 டிசம்பர் தேர்தலில் கிழக்கம்பலத்தைத் தக்கவைத்துக்கொண்டதோடு, அண்டையில் உள்ள ஐக்கரநாடு, குன்னத்துநாடு, மழுவன்னூர் ஊராட்சிகளையும் வென்றது. ஐக்கரநாட்டின் 14 வார்டுகளும் அதற்கே கிடைத்தன. கேள்வி கேட்க ஓர் எதிர்க்கட்சி உறுப்பினர்கூட இல்லாத மன்றம் அங்கே அமைந்தது.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி கிராமங்களுக்குள் வருவதைப் பற்றி யோசிக்கும் எவரும் கிழக்கம்பலத்தைத் தாண்டிப் போக முடியாது என்று நினைக்கிறேன். பள்ளிக்கு வகுப்பறையும் ஊருக்குக் குடிநீர் இயந்திரமும் தரும் அதே உறவு, தடுப்பார் இல்லாமல் வளர்ந்தால் எங்கே போய் நிற்கும் என்பதை அந்த ஊர் முழுமையாகக் காட்டிவிட்டது.

முதலில் அந்த மக்களின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். அவர்கள் பணத்துக்கு விலைபோனார்கள் என்று எழுதிவிட்டுப் போவது எளிது, அநியாயமும்கூட. அமைப்பு நடத்திய உணவுப் பாதுகாப்புச் சந்தையில் அரிசி, பருப்பு, காய்கறி, பால் எல்லாம் வெளிச்சந்தை விலையில் ஏறக்குறையப் பாதிக்குக் கிடைத்தன. குடும்பத்தின் வசதியைப் பார்த்து அட்டைகள் தரப்பட்டன. ஒழுகும் குடிசைகளில் இருந்தவர்களுக்கு வீடுகள் கட்டப்பட்டன. சாலைகள் அகலமாயின. மாதச் செலவில் சில ஆயிரம் ரூபாய் மிச்சமாகும் ஒரு குடும்பத் தலைவிக்கு, வார்டு உறுப்பினர் எந்தக் கொடியின்கீழ் நின்றார் என்பது இரண்டாம்பட்சம். பல ஆண்டுகளாக ஊராட்சி அலுவலகத்துக்கு நடந்து நடந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள், கேட்டதைத் தந்தவர்களுக்கு வாக்களித்தார்கள். அந்தத் தீர்ப்பில் கட்சிகளின் தோல்வி பற்றிய உண்மை ஒன்று இருந்தது. அதைக் கட்சிகள் இன்றுவரை நேர்மையாக எதிர்கொள்ளவில்லை.

ஆனால் இந்தக் கதைக்கு முன்கதை ஒன்று உண்டு. அமைப்பு தொடங்குவதற்கு முன்பே நிறுவனத்துக்கும் அன்றைய ஊராட்சிக்கும் இடையே பிணக்கு இருந்தது. சாயமேற்றும், வெளுக்கும் பிரிவுகளின் கழிவு வயல்களையும் நீர்நிலைகளையும் கெடுக்கிறது என்று ஊரில் ஒரு பகுதியினர் குற்றஞ்சாட்டினர். நிறுவனம் அதை உறுதியாக மறுத்தது. உரிமத்தைப் புதுப்பிப்பதில் இழுபறி ஏற்பட்டது. குற்றச்சாட்டில் எவ்வளவு உண்மை என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஆலைக்கு உரிமம் தருவதா, மறுப்பதா, நிபந்தனை விதிப்பதா என்று முடிவெடுக்கும் மன்றமே, ஒரு தேர்தலுக்குப் பிறகு, ஆலை உருவாக்கிய அமைப்பின் கைக்கு வந்தது. கண்காணிக்க வேண்டியவரும் கண்காணிக்கப்பட வேண்டியவரும் ஒருவரே ஆனார்கள். இதில் யாரும் சட்டத்தை மீறியதாக நான் சொல்ல வரவில்லை. எந்தச் சட்டத்தையும் மீறாமலே இது நடக்க முடிந்தது என்பதைத்தான் கவலையோடு சொல்கிறேன்.

இன்னொரு தரப்பையும் பார்க்க வேண்டும். அந்த ஆலையில் வடகிழக்கு மாநிலங்கள் உள்ளிட்ட வெளி மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் பெருந்தொகையாக வேலை செய்தார்கள். 2021 கிறிஸ்துமஸ் இரவில் தொழிலாளர் குடியிருப்பில் எழுந்த கலவரத்தில் காவல்துறையினர் தாக்கப்பட்டனர், வாகனம் எரிக்கப்பட்டது, 150-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கைதாயினர். அப்போதுதான் நாடு அவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. அந்த ஊராட்சியின் தண்ணீரைக் குடித்து, அதன் காற்றைச் சுவாசித்து வாழ்ந்த அவர்களில் பெரும்பாலோருக்கு அங்கே வாக்கு இல்லை. கிராமசபை என்பது ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ளவர்களின் சபை. அரைவிலைச் சந்தையின் அட்டையும் ஊர்க் குடும்பங்களுக்கானது. நிறுவனமே அரசாங்கமாகும் ஊரில், அந்த நிறுவனத்தில் உழைக்கும் வெளியூர்க்காரர் யாரிடம் முறையிடுவார்?

இனி சட்டத்துக்கு வருவோம். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய், நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். எந்தத் துறைகளில் என்பதை ஏழாம் அட்டவணை சொல்கிறது. ஊரக வளர்ச்சியும் அதில் ஒன்று. எங்கே, எந்தப் பணி, யார் மூலம் என்பதை நிறுவனத்தின் இயக்குநர் குழு முடிவுசெய்யும். நிறுவனம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று அந்தப் பிரிவிலேயே இருந்தாலும், அது கட்டாயம் இல்லை, வழிகாட்டல்தான் என்று கம்பெனி விவகார அமைச்சகம் விளக்கம் தந்துவிட்டது. 135-ஆம் பிரிவு முழுவதிலும் கிராமசபை என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

தொகை சிறியது என்றால் இதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. சட்டம் வந்த முதல் ஆண்டான 2014-15-இல் நிறுவனங்கள் செலவிட்டது சுமார் 10,000 கோடி ரூபாய். 2022-23-இல் அது ஏறத்தாழ 30,000 கோடியாகிவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க: 15-ஆவது நிதிக்குழு நாட்டின் எல்லா ஊரக உள்ளாட்சிகளுக்கும் சேர்த்து 2021 முதல் 2026 வரை பரிந்துரைத்த மானியம் 2,36,805 கோடி, ஆண்டுக்குச் சராசரியாக 47,000 கோடி. நிறுவனங்களின் பணம் நகரங்களுக்கும் போகிறது என்றாலும், அளவில் அது நிதிக்குழு மானியத்தில் மூன்றில் இரண்டு பங்கை நெருங்குகிறது. அந்த நிதிக்குழுப் பணத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும்தான் செலவிட வேண்டும் என்று ஊராட்சிக்குக் கட்டளை இருந்தது. செலவழித்த ஒவ்வொரு ரூபாயும் தணிக்கைக்கு உட்பட்டது. கிராமசபையில் கணக்கு வாசிக்கப்பட வேண்டும். நிறுவன நிதிக்கு அந்த ஊரில் கணக்குக் கேட்கும் உரிமை யாருக்கும் சட்டப்படி இல்லை.

2021 ஜனவரியில் வந்த திருத்தங்கள் நிறுவனங்களை இறுக்கின. செலவழிக்காத தொகையைத் தனிக் கணக்கிலோ அரசு குறிப்பிடும் நிதிகளிலோ செலுத்த வேண்டும். ஆண்டுக்குச் சராசரியாக 10 கோடியோ அதற்கு மேலோ சமூகப் பொறுப்புக் கடமை உள்ள நிறுவனங்கள், 1 கோடியோ அதற்கு மேலோ செலவாகும் பணிகளுக்குத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும். நோக்கம் நல்லது. விளைவு வேறொரு பக்கம் சாய்ந்தது. மார்ச் 31-க்குள் முடிந்துவிடும் பணிகள், படம் எடுத்து அறிக்கையில் சேர்க்கக்கூடிய பணிகள், பெயர்ப்பலகை வைக்கக்கூடிய பணிகள் நிறுவனங்களுக்கு வசதியாகிவிட்டன. குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம், ஸ்மார்ட் வகுப்பறை, கழிப்பறைக் கட்டடம், சூரிய ஒளித் தெருவிளக்கு. மூன்று ஆண்டு கழித்து இயந்திரத்தின் சவ்வு அடைபட்டால் அதை மாற்றுவது யார்? மின்கட்டணம் யார் கணக்கு? ஊராட்சி செயலரின் பதிவேட்டில் அந்தச் சொத்து ஏறியிருக்கவே இல்லை என்றால், ஊராட்சி அதற்குச் செலவுசெய்வதே தணிக்கையில் ஆட்சேபணையாகும். சமூகப் பொறுப்பு நிதியில் உருவாகும் சொத்தைப் பொது அதிகார அமைப்பு ஒன்றின் பெயரில் வைக்கலாம் என்று 2021 விதிகளிலேயே இடம் இருக்கிறது. அந்த இடத்தை ஊராட்சிகள் கேட்டு வாங்க வேண்டும்.

அரசமைப்புச் சட்டம் இந்த விஷயத்தில் தெளிவானது. 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தம் ஊராட்சிகளைத் தன்னாட்சி அமைப்புகள் என்று அழைக்கிறது. பொருளாதார வளர்ச்சிக்கும் சமூக நீதிக்குமான திட்டங்களைத் தயாரிக்கும் பொறுப்பைத் தரலாம் என்று 243ஜி பிரிவு கூறி, பதினோராம் அட்டவணையில் 29 துறைகளைப் பட்டியலிடுகிறது. குடிநீர், பள்ளி, சாலை, சுகாதாரம், சமூகக் காடு வளர்ப்பு என்று நிறுவனங்கள் கை வைக்கும் துறைகள் அநேகமாக எல்லாமே அந்தப் பட்டியலில் இருப்பவை. ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் உள்ள ஒரு வேறுபாடு இதைவிட முக்கியமானது. நகராட்சிகளைப் பற்றிய 243கியூ பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு: தொழில் நிறுவனமே நகரச் சேவைகளை வழங்கும் பகுதியைத் தொழில்நகரியமாக அறிவித்து, அங்கே நகராட்சி அமைக்காமல் விடலாம். ஊராட்சிகளைப் பற்றிய ஒன்பதாம் பகுதியில் அப்படியொரு விதிவிலக்கை அரசமைப்பு வைக்கவில்லை. சேவை செய்கிறது என்பதற்காக எந்த நிறுவனமும் கிராம ஊராட்சியின் இடத்தில் வந்து உட்கார முடியாது. கிழக்கம்பலத்தில் வாக்குப்பெட்டி வழியாக நடந்தது, அரசமைப்பு நேர்வழியில் அனுமதிக்காத ஒன்று.

கேரளத்தின் இன்னொரு மூலையில் இதற்கு நேரெதிரான வரலாறு இருக்கிறது. பாலக்காடு மாவட்டத்தில், தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைந்த சித்தூர் வட்டத்தில் பெருமாட்டி ஊராட்சி. அதன் பிளாச்சிமடையில் 2000-இல் கோகோ கோலா ஆலை இயங்கத் தொடங்கியது. கிணறுகள் வற்றின, இருந்த தண்ணீரும் சமைக்கவும் குளிக்கவும் உதவாமல் போனது என்று 2002 ஏப்ரலில் ஆலை வாசலில் பழங்குடி மக்கள் போராட்டம் தொடங்கினர். எழுத்தறிவில்லாத மயிலம்மா அதன் முன்னணியில் நின்றார். ஆலையிலிருந்து வந்த கழிவுச் சேறு, உரம் என்ற பெயரில் விவசாயிகளுக்கு வழங்கப்பட்டிருந்தது. 2003-இல் அதில் காட்மியமும் ஈயமும் இருப்பது தெரியவந்தது. நிறுவனம் ஊருக்குத் தரும் எதையும் யார் சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொள்கிறார்கள் என்ற கேள்வியை அந்தச் சேற்றைப் போல் அழுத்தமாக எழுப்பியது வேறில்லை.

பெருமாட்டி ஊராட்சி 2003 ஏப்ரலில் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. ஆலை தரும் வரி போய்விடும் என்று தெரிந்தே மறுத்தது. நிலத்தடி நீர் மக்களின் பொதுச் சொத்து, அரசு அதன் அறங்காவலர் மட்டுமே என்று அந்த ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் ஒரு நீதிபதி அமர்வு தீர்ப்பளித்தது. 2005-இல் இரு நீதிபதிகள் அமர்வு நிறுவனத்துக்குச் சாதகமாகத் திரும்பியது. இருந்தும் 2004 மார்ச்சில் நின்ற உற்பத்தி மறுபடி தொடங்கவே இல்லை. மாநில அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010-இல் இழப்பை 216 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. இழப்பீடு வழங்கத் தீர்ப்பாயம் அமைக்க 2011-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெறாமலே போனது. ஒரு கிராம ஊராட்சியின் உரிமப் பதிவேடு எவ்வளவு வலிமையானது, அதே சமயம் மேலிருக்கும் அரசுகள் கைவிட்டால் அந்த ஊராட்சி எவ்வளவு தனித்துப்போகும் என்ற இரண்டுமே பிளாச்சிமடையில் தெரிந்தன.

ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பணமும் சபையும் நேருக்கு நேர் நின்றன. பாக்சைட் சுரங்கத்துக்காக 2008-இல் உச்ச நீதிமன்றம் அனுமதி தந்தபோது, ஆண்டு லாபத்தில் 5 சதவீதமோ 10 கோடி ரூபாயோ, எது அதிகமோ அதை அந்த வட்டார வளர்ச்சிக்கு நிறுவனம் தர வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. சமூகப் பொறுப்புச் சட்டம் வருவதற்கு முன்பே அதைவிடப் பெரிய தொகை. ஆனால் 2013 ஏப்ரல் 18 அன்று அதே நீதிமன்றம், மலையின் மீது அங்கே வாழும் டோங்கிரியா கோந்து மக்களுக்குள்ள வழிபாட்டு உரிமை, வன உரிமை பற்றிக் கிராமசபைகளே முடிவெடுக்கட்டும் என்றது. அந்த ஆண்டு கூடிய 12 சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானித்தன. டோங்கிரியா கோந்து மக்கள் நிதியின் அளவைப் பற்றிப் பேசவில்லை. கேட்கப்பட வேண்டிய கேள்வி அவர்களிடம் முதல்முறையாகக் கேட்கப்பட்டது, அவர்கள் பதில் சொன்னார்கள்.

கிராமசபையின் ஒப்புதலைக் கட்டாயமாக்குவது நடைமுறைக்கு ஒத்துவராது என்று நிறுவன அதிகாரிகள் சொல்வதுண்டு. 2015-இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி உருவாக்கிய மாவட்டக் கனிம அறக்கட்டளைகளே அதற்குப் பதில். சுரங்க நிறுவனங்கள் ராயல்டியின் மேல் 10 முதல் 30 சதவீதம் வரை அவற்றில் செலுத்துகின்றன. ஐந்தாம் அட்டவணைப் பழங்குடிப் பகுதிகளில் அந்தப் பணத்தில் செய்யும் பணிகளுக்குக் கிராமசபையின் ஒப்புதல் வேண்டும் என்று விதி இருக்கிறது. நடைமுறையில் மாவட்ட ஆட்சியர்களின் கையே ஓங்கியிருக்கிறது என்பது உண்மை. ஆனாலும் விதி இருப்பதால் வழக்குத் தொடுக்கலாம், தீர்மானம் போடலாம், கேட்கலாம். நிறுவன நிதியில் கேட்பதற்கே காலூன்ற இடமில்லை.

நம் ஊரில் ஒரு முன்னுதாரணம் உண்டு. அதை நாமே போதுமான அளவு பேசவில்லை. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்துக்கு அருகில் உள்ள ஓடந்துறை ஊராட்சி, ஆர். சண்முகம் தலைவராக இருந்த காலத்தில், 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக நிறுவியது. செலவு 1.55 கோடி ரூபாய். ஊராட்சி சேர்த்துவைத்த பணம் 40 லட்சம். மீதி வங்கிக் கடன். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் போக மிஞ்சிய மின்சாரத்தின் வருமானத்திலிருந்து கடன் அடைந்தது. பெருநிறுவனம் ஒன்று அந்தக் காற்றாலையை இலவசமாகக் கொடுத்திருந்தால் ஊராட்சிக்குக் கடன்சுமை இருந்திருக்காது. ஆனால் வரவு செலவு பார்த்து, வங்கியில் உட்கார்ந்து பேசி, பத்து ஆண்டுக்கான கணக்குப் போடத் தெரிந்த ஊராட்சி அங்கே உருவாகியிருக்காது. வளர்ச்சி என்று எண்ண வேண்டியது அந்தத் திறமையைத்தான் என்பது என் கருத்து.

தமிழ்நாட்டின் பெரும் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் உலகின் பெரிய கார் ஆலைகளும் மின்னணு ஆலைகளும் உள்ளன. அவற்றைச் சுற்றியுள்ள காஞ்சிபுரம் மாவட்ட ஊராட்சிகளில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில். முழுதாக ஐந்து ஆண்டுகள். நிறுவன நிதி ஆண்டுக்கு ஆண்டு பெருகிய அந்தக் காலத்தில், நிறுவனத்தின் அதிகாரியோடு சரிசமமாக உட்கார்ந்து பேச ஊரால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரும் இல்லை. அரசு நியமித்த தனி அலுவலர் மட்டுமே இருந்தார். வேறு 28 மாவட்டங்களில் 2019 டிசம்பர் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தபோது அங்கும் தனி அலுவலர்களே நியமிக்கப்பட்டார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் என்பது அரசமைப்பின் கட்டளை. வார்டு மறுவரையறை, இடஒதுக்கீடு, வழக்கு என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஆட்சிகள் மாறினாலும் இந்தத் தாமதம் மாறவில்லை.

கேட்க வேண்டியவை பெரிய புரட்சி எதுவும் இல்லை. ஊராட்சி எல்லைக்குள் நடக்கும் எந்தச் சமூகப் பொறுப்புப் பணியும் முதலில் கிராம வளர்ச்சித் திட்டத்தில் இடம்பெற வேண்டும். உருவாகும் சொத்து ஊராட்சியின் பெயரில் பதிவாக வேண்டும். ஐந்தாண்டுப் பராமரிப்புச் செலவையும் சேர்த்தே நிறுவனம் தர வேண்டும். ஒரே மாவட்டத்தில் இயங்கும் நிறுவனங்களின் நிதியில் ஒரு பகுதியை ஒன்றாகச் சேர்த்து, ஆலை இல்லாத ஏழை ஒன்றியங்களுக்கும் பகிர வழிசெய்ய வேண்டும். இல்லையென்றால் ஏற்கெனவே தொழில் வளர்ந்த பகுதிகளுக்கே பணம் திரும்பத் திரும்பப் போய்ச்சேரும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓர் ஊராட்சியிடம் உரிமமோ தடையின்மைச் சான்றோ கேட்டு விண்ணப்பித்திருக்கும் நிறுவனம், அந்த விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை அந்த ஊரில் புதிய நலப்பணி எதையும் அறிவிக்கக் கூடாது. அரசியல் கட்சிக்குத் தரும் பணம் சமூகப் பொறுப்புச் செலவாகாது என்று விதி ஏற்கெனவே சொல்கிறது. அறப்பணிச் சங்கமாகத் தொடங்கித் தேர்தலில் நிற்கும் அமைப்புகளுக்கும் அது தெளிவாகப் பொருந்தும்படி எழுதப்பட வேண்டும். இவற்றுக்கு டெல்லியில் சட்டத் திருத்தம் வேண்டும். அது வரும்வரை மாநில அரசு ஓர் அரசாணையால் பாதியைச் செய்துவிடலாம்.

ஊர்க்காரர்கள் செய்யக்கூடியதற்கு அரசாணைகூடத் தேவையில்லை. இயக்குநர் குழு ஒப்புதல் தந்த சமூகப் பொறுப்புப் பணிகளின் பட்டியலை ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது 2021 முதல் கட்டாயம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராமசபை கூடுகிறது. உங்கள் ஊரைச் சுற்றியுள்ள ஆலைகளின் பட்டியலை அச்செடுத்து அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள். உங்கள் ஊர்ப் பெயரில் எழுதப்பட்ட பணி நடந்ததா, அதை யார் கேட்டார்கள், இப்போது யார் பராமரிக்கிறார்கள் என்று சபையில் கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் அது எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.